போர் மோட்டார், சென்ட்ரிங், வயரிங் வேலை பார்ப்பவர்களே, உங்கள் பாலிசியில் தொழில் என்ன போட்டிருக்கிறது என்று உடனே பாருங்கள்

68,000 ரூபாய். என் வலது காலில் பிளேட் வைத்ததற்குத் தஞ்சாவூர் தனியார் மருத்துவமனையில் கட்டிய பில். இதில் ஒரு பைசாகூடத் தர முடியாது என்று இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து நேற்று மெயில் வந்துவிட்டது.

மன்னார்குடிப் பக்கம் போர் மோட்டார் ஏற்றி இறக்குவது என் தொழில். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை குறுவைக்குப் போர்தான் கதி, எங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. அப்படி ஒரு மோட்டாரைத் தூக்கும்போதுதான் செயின் பிளாக் கொக்கி நழுவி, பைப் காலில் விழுந்தது.

எங்களைப் போன்றவர்களுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு கிடையாது, அது சம்பளக்காரர்களுக்கு. வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் சட்டமும் முதலாளி இருந்தால்தான் உதவும். வயல்காரர் கூப்பிடுகிறார், வேலை முடிந்ததும் கூலி தருகிறார், அவ்வளவுதான். அதனால்தான் நானே தேடிப்போய் விபத்து பாலிசி எடுத்தேன்.

நான் பாலிசி எடுத்தது வண்டிக்கு இன்சூரன்ஸ் போடும் ஒரு கடையில். போனில் ஒரு ஆப் வழியாக எல்லா பாலிசியும் போட்டுத் தருகிறார்கள். கடையில் இருந்தவன் உள்ளூர்ப் பையன், என் தம்பியோடு படித்தவன். "மோட்டார் வேலைதான் பார்க்கிறேன், போர் மேலேயே நிற்பேன், அதற்குச் செல்லுமா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். "வேலையில அடிபட்டா ஆஸ்பத்திரி செலவு முழுக்க வந்துரும்ணே, ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்றான். சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தான்.

தொழில் என்ற இடத்தில் அவன் போட்டது 'கடை வியாபாரம்'. விபத்து பாலிசியில் ஆபத்தைப் பொறுத்துத் தொழில்களைப் பிரிக்கிறார்கள்: மேசை வேலைக்காரர்கள் முதல் பிரிவு, கை உழைப்புக்காரர்கள் இரண்டாம் பிரிவு, சுரங்கம், உயர் அழுத்த மின்சாரம் மூன்றாம் பிரிவு. பிரிவு ஏறினால் பிரீமியமும் ஏறும். குறைவாகக் காட்டி விற்றிருக்கிறான். இப்போது தொழிலை மறைத்தது நான் என்று கம்பெனி சொல்கிறது!

கடையில் கேட்டால் "கம்பெனிகிட்ட பேசுங்கண்ணே". கம்பெனியில் கேட்டால் "ஏஜென்ட்டிடம் கேளுங்கள்". ஆப்பில் பேசிய பெண் "உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது சார்" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. அந்தப் பையன் இப்போது என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை. 68,000 ரூபாயில் பாதி, வீட்டு நகையை அடகு வைத்து வந்த பணம். குறுவை வேலையும் போச்சு.

சரி, அவசரமாகச் சில விஷயம். பாலிசி கைக்கு வந்ததும் தொழில், பிரிவு இரண்டையும் பாருங்கள். தப்பாக இருந்தால் 30 நாளுக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எலும்பு முறிவுச் செலவு உண்டா, வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பேங்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தை இதற்கு நம்பாதீர்கள், அது உயிர் போனால், கண், கை, கால் போனால்தான். ஓடிபி சொல்வதற்கு முன் அவன் திரையில் என்ன அடித்திருக்கிறான் என்று நீங்களே படியுங்கள்.

கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், மறுபடி மறுத்தாலும் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகப் போகிறேன். அங்கே கட்டணம் கிடையாது. இதே மாதிரிக் கடையில் பாலிசி போட்டவர்கள் இன்றைக்கே அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள்.