எண்டோஸ்கோபி மையம்: டாக்டருக்கு முழு மதிப்பெண், முன்பதிவுக்குப் பாதி

நெஞ்செரிச்சல் எனக்குப் பழைய தொல்லை. மாத்திரை போட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். இது வெறும் அமிலம்தானா, இரைப்பைப் புற்றுநோயா என்ற பயம் பிடித்துக்கொண்ட பிறகுதான் இந்த மையத்துக்குப் போனேன்.

வாய் வழியே உள்ளே விட்டுப் பார்க்கும் கேமராக் குழாயைத் தொடும் முன்பே டாக்டர் நிறையக் கேட்டார். சாப்பிட்டதும் படுத்தால், குனிந்தால் எரிச்சல் கூடுகிறதா? புளிப்பாகத் தொண்டைக்கு ஏறுகிறதா? இதெல்லாம் உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வு தளர்ந்து அமிலம் மேலே வருவதன் அடையாளமாம். அப்புறம் கேள்விகள் வேறு பக்கம் திரும்பின. காரணமே இல்லாமல் எடை குறைந்ததா, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுகிறதா, விழுங்கும்போது அடைக்கிறதா, மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா, ரத்தசோகை உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையோடு நாளைக் கடத்தக் கூடாது என்றார்.

"மாத்திரைக்கு அடங்குகிறதே, அப்போ புற்றுநோய் இல்லைதானே டாக்டர்?" என்று கேட்டேன். அப்படி முடிவுகட்ட முடியாதாம். நான் போடும் ஒமெப்ரசோல் மாத்திரை அமிலத்தைக் குறைப்பதால் புற்றுநோயால் வரும் வயிற்று உபாதையும் கொஞ்ச நாள் தணியலாம். ஆரம்பத்தில் அது எந்த அறிகுறியும் காட்டாமலும் இருக்கலாம். உள்ளே பார்த்து, சந்தேகப்படும் இடத்தில் துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் உறுதி. வருடக்கணக்கில் அமிலம் ஏறினால் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது உணவுக்குழாயின் அடிப்பகுதியை என்றும் சொன்னார். நான் பயந்துகொண்டிருந்ததோ இரைப்பையை நினைத்து!

சோதனை சில நிமிடம்தான். தொண்டை மரத்துப்போக ஸ்பிரே, கொஞ்சம் குமட்டல், அவ்வளவே. உணவுக்குழாயில் அமிலப் புண் இருந்தது. சதைப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை.

குறை முன்பதிவில். வெறும் வயிற்றோடு வரச் சொன்ன முன்பதிவு ஊழியர், என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்கவே இல்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான சோதனைக்கு 2 வாரம் முன்பே, டாக்டரைக் கேட்டு, ஒமெப்ரசோலை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். இரைப்பைப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமே இந்தக் கிருமிதான். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இதைப் புற்றுநோய்க் காரணிகளில் முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் தருவது உறுதியானவற்றோடு, வைத்துவிட்டது. எனக்குக் கிருமி 'இல்லை' என்று வந்த முடிவை டாக்டரே நம்பவில்லை, மூச்சுப் பரிசோதனைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

இப்போதைக்கு நான்கு நட்சத்திரம். அந்த மூச்சுப் பரிசோதனைக்கும் தனிக் கட்டணம் கேட்டால் மூன்று.