ஊர் உயர்நிலைப்பள்ளியா, டவுன் மேல்நிலைப்பள்ளியா, உதவிபெறும் பள்ளியா?

பத்தாம் வகுப்பில் 18 பேர் எழுதும் ஊர்ப் பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை கணக்கில் 33 வாங்கினால் போதும், தேர்ச்சி 94.4 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 180 பேர் எழுதும் டவுன் பள்ளியில் அதே 94.4 என்றால் பத்துப் பேர் தவறியிருக்கிறார்கள். பேப்பரில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சின்னப் பள்ளியை ஒரு வருட சதவீதத்தால் எடைபோடவே கூடாது. ஐந்து வருடத்தில் எழுதியவர்கள் எத்தனை, தேறியவர்கள் எத்தனை என்று கூட்டிப் பாருங்கள்; அதிலும் கணக்கில் 60-க்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை என்று கேளுங்கள். 35-ஐத் தொட வைப்பதற்கும் பாடம் சொல்லித் தருவதற்கும் தூரம் அதிகம்.

'நூறு சதவீதம்' என்று ஃபிளெக்ஸ் வைக்கும் மெட்ரிக் பள்ளியில், முந்தைய வருடம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று விசாரியுங்கள். சுமாராகப் படிக்கும் பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளிகள் உண்டு. அந்தப் பிள்ளை வந்து சேருவது ஊர் அரசுப்பள்ளியில்தான். அதன் சதவீதம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊர்ப் பள்ளியின் நிஜமான பலவீனம் ஆள் பற்றாக்குறை. ஒரு பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர்தான் இருப்பார். கணக்கு ஆசிரியர் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போனால் அந்தப் பாடமே படுத்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தொகுப்பூதியத்தில் ஆள் போடுவதற்குள் காலாண்டே வந்துவிடலாம். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தாலும் ஆபத்து: ஆகஸ்ட் 1 நிலவரப்படிதான் பணியிடம் நிர்ணயிப்பார்கள், உபரி என்று கணக்கானவரைப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். டவுன் பள்ளியில் ஒருவர் போனால் அடுத்த செக்‌ஷன் ஆசிரியர் சமாளிப்பார்.

தனியார் நிர்வாகம் நடத்த, அரசு சம்பளம் தரும் உதவிபெறும் பள்ளி நேர் எதிர். அங்கே ஆசிரியர்கள் அவ்வளவாக மாறுவதில்லை. நல்ல கணக்கு வாத்தியார் அமைந்தால் முப்பது வருடத்துக்கு யோகம். அமையாவிட்டாலும் அதே முப்பது வருடம்தான். ஆனால் டாக்டர் கனவு இருந்தால் யோசியுங்கள். 2020-இல் வந்த 7.5 சதவீத மருத்துவ உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப்பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். உதவிபெறும் பள்ளிக்கு அது கிடையாது. எட்டு வரை ஆர்.டி.இ. எனும் கல்வி உரிமைச் சட்ட இடத்தில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு, மீதியை அரசுப்பள்ளியில் முடித்தவர்களுக்கு உண்டு.

டவுன் பள்ளிக்கு அனுப்புவதானால் முதலில் பஸ் நேரத்தைப் பாருங்கள். பஸ் பாஸ் இலவசம்தான். ஆனால் மாலை சிறப்பு வகுப்பு முடிவதற்குள் கடைசி டவுன் பஸ் கிளம்பிவிட்டால் தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த வகுப்பே இல்லை. இலவச சைக்கிள் பதினொன்றில்தான் வரும்.

ஊர்ப் பள்ளியில் கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருந்தால் பத்து வரை அங்கேயே படிக்கட்டும். இல்லையென்றால் ஒன்பதிலேயே மாற்றிவிடுங்கள், பத்தில் மாற்றாதீர்கள். எப்படியும் பதினொன்றுக்கு வேறு பள்ளிதான். அங்கே பயாலஜி குரூப் இருக்கிறதா, அதற்கு முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா என்பதை ரிசல்ட் வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.