டேப்பில் பிடிஎஃப் திறக்கவில்லையா? ‘சாஃப்ட்வேர் போடணும்’ என்றால் டேப்பைக் கொடுக்காதீர்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் டேப் வைத்து வேலை பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பிடிஎஃப் சேவ் ஆகவில்லை, சேவ் ஆனது திறக்கவில்லை என்று கடைக்குப் போனால், என்ன பழுது என்று பார்க்காமலே டேப்பை மொத்தமாக அழித்துவிட்டுப் பணம் வாங்கும் கடைகள் இருக்கின்றன.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பத்திர எழுத்தருக்கு நடந்தது இது. வில்லங்கச் சான்று நான்கு டவுன்லோடு செய்தார், நான்கும் திறக்கவில்லை. கடைக்காரர் டேப்பை இரண்டு நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு, “சார், சாஃப்ட்வேர் போயிடுச்சு, புதுசா போடணும். டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது, நாங்க பாத்துக்குறோம்” என்றார். மறுநாள் மாலை டேப் திரும்பி வந்தது. கையில் கொடுத்தது பில் அல்ல, ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. சாஃப்ட்வேர் 1,500, பிடிஎஃப் லைசென்ஸ் 800, மெமரி கார்டு 128 ஜிபி 450. ஆக 2,750 ரூபாய். டேப்பில் இருந்த ஏழு மாத ஸ்கேன்களில் ஒன்றுகூட இல்லை. கேட்டால், “ரெக்கவரி பண்ணித் தர்றோம் சார், 3,500 ஆகும்” என்று பதில்.

அந்தச் சீட்டில் போட்ட தொகைகளில் நியாயமானது ஒன்றுகூட இல்லை.

முதலில், என்ன பழுது என்று பார்ப்போம். அந்த நான்கு ஃபைலும் மெயிலில் அப்படியே இருந்ததால் பார்க்க முடிந்தது. ஒவ்வொன்றும் 9 கேபி. பல பக்கம் கொண்ட வில்லங்கச் சான்று 9 கேபியில் அடங்காது. ஒரு தளத்தில் லாகின் செய்து வெகுநேரம் சும்மா விட்டுவிட்டு டவுன்லோடை அழுத்தினால், சான்றுக்குப் பதில் ‘மறுபடி லாகின் செய்யுங்கள்’ என்கிற வலைப்பக்கமே பிடிஎஃப் என்ற பெயரில் இறங்கிவிடும். பெயர் பிடிஎஃப், உள்ளே இருப்பது வேறு. இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ஃபைலை ஏதாவது டெக்ஸ்ட் வியூவரில் திறந்து பாருங்கள். உண்மையான பிடிஎஃப் என்றால் முதல் வரியே ஒரு சதவீதக் குறி, பிறகு ஆங்கிலத்தில் பிடிஎஃப் என்ற மூன்று பெரிய எழுத்து, ஒரு சிறு கோடு, 1.4 அல்லது 1.7 போல ஓர் எண் என்று இருக்கும். கடைசியில் இரண்டு சதவீதக் குறியும் இஓஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் வரியில் எச்டிஎம்எல் என்று இருந்தால் அது வலைப்பக்கம். தலை சரியாக இருந்து வால் இல்லை என்றால் டவுன்லோடு பாதியில் அறுந்திருக்கிறது. எந்தப் பக்கம் ஃபைலுக்குள் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பிடிஎஃப் பெரும்பாலும் கடைசியில்தான் வைத்திருக்கும். அதனால்தான் 95 சதவீதம் இறங்கிய ஃபைலும் ‘டேமேஜ்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மறுபடி லாகின் செய்து மறுபடி இறக்குவது. செலவு பூஜ்யம்.

இதைவிடச் சுலபமான சோதனையும் உண்டு. அதே டேப்பில் வேறு ஒரு பழைய பிடிஎஃப் திறக்கிறதா? திறந்தால் டேப்பின் சாஃப்ட்வேரில் குறை இல்லை, அந்த ஃபைலில்தான் குறை. அந்த எழுத்தரின் டேப்பில் மற்ற நூற்றுக்கணக்கான பத்திரங்கள் அன்று காலை வரை திறந்துகொண்டுதான் இருந்தன. கடைக்காரர் இதைக் கேட்கவே இல்லை.

இரண்டாவது, ‘சாஃப்ட்வேர் 1,500’. அவர்கள் செய்தது ஃபேக்டரி ரீசெட், அதாவது டேப்பில் உள்ளதை எல்லாம் அழித்து, வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோவது. செட்டிங்ஸில் நான்கு தடவை விரல் வைத்தால் முடிகிற காரியம். இதில் மிகப் பெரிய பொய் டேட்டா அப்படியே இருக்கும் என்பது. அதைவிடப் பெரிய பொய், அழிந்ததை எடுத்துத் தருவோம் என்பது. இன்றைய ஆண்ட்ராய்டு டேப்களில் உள் சேமிப்பு முழுவதும் பூட்டிய நிலையில்தான் எழுதப்படுகிறது. ரீசெட் செய்தவுடன் அந்தப் பூட்டின் சாவியே அழிகிறது. அதன்பிறகு சிப்பில் மிச்சம் இருப்பது யாராலும் படிக்க முடியாத குப்பை. ஐபேடும் அப்படியே. ரீசெட் ஆன டேப்புக்கு ரெக்கவரி என்று யாராவது பணம் கேட்டால், தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கூகுள் டிரைவ், வாட்ஸ்ஆப் பேக்கப், மெயில், மெமரி கார்டு, அனுப்பி வைத்த ஆளின் போன் இவற்றில் எங்காவது நகல் இருந்தால் மட்டுமே திரும்பக் கிடைக்கும். அதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

மெமரி கார்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சில டேப்களில் கார்டைப் போடும்போது ‘இன்டர்னல் ஸ்டோரேஜாக ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கும். ஆம் என்று கொடுத்திருந்தால் அந்தக் கார்டும் டேப்பின் சாவியால் பூட்டப்பட்டிருக்கும். டேப் ரீசெட் ஆனால் கார்டில் உள்ளதும் போச்சு. கார்டைக் கழற்றி வைத்துவிட்டோமே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கார்டை ‘போர்ட்டபிள்’ என்று போட்டிருந்தால்தான் அது தப்பும்.

மூன்றாவது, ‘பிடிஎஃப் லைசென்ஸ் 800’. பிடிஎஃப் படிக்க லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. பிடிஎஃப் 1993-ல் அடோபி கொண்டுவந்தது. 2008-லிருந்து அது ஐஎஸ்ஓ என்கிற சர்வதேசப் பொதுத் தரம், யார் வேண்டுமானாலும் படிக்கும் செயலி எழுதலாம். கூகுள் டிரைவ் இருக்கிற டேப்பில் அதுவே திறக்கும். அடோபி ரீடர் படிப்பதற்கு இலவசம். கடையில் போட்டுக்கொடுத்தது பிளே ஸ்டோரில் இல்லாத ஏதோ ஒரு ஏபிகே, அதாவது வெளியிலிருந்து நேரடியாக ஏற்றும் செயலி ஃபைல். திறந்தவுடன் முழுத்திரை விளம்பரம். எஸ்எம்எஸ், தொடர்புகள், அக்சஸிபிலிட்டி (திரையில் தெரிவதைப் படித்து, உங்களுக்குப் பதில் தானே தொட்டு இயக்கும் வசதி) மூன்றுக்கும் அனுமதி கேட்டு வாங்கி வைத்திருந்தது. பிடிஎஃப் படிக்கிற செயலிக்கு உங்கள் எஸ்எம்எஸ் எதற்கு? ஓடிபி வருவது அங்கேதானே. உங்கள் டேப்பிலும் கடைக்காரர் போட்ட செயலி இருந்தால் உடனே நீக்குங்கள். நீக்க விடவில்லை என்றால் முதலில் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி அனுமதியை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். பிறகு செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ் போய், ‘இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்’ என்பதில் எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு வகை ஏமாற்று, ஏழு நாள் இலவசம் என்று சொல்லி பிறகு பணம் பிடிக்கும் செயலி. அதை நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குள் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் மோசம்: அந்த 450 ரூபாய் மெமரி கார்டு.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த 11 ஜிபி மூலப்பத்திர ஸ்கேன்களை அவர் அந்தக் கார்டில் ஏற்றினார். எல்லாம் ஏறியது. ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. பட்டியலைப் பார்த்தால் ஃபைல் பெயர், அளவு, தேதி எல்லாம் சரி. ஆனால் ஏழரை ஜிபி அளவுக்கு முதலில் ஏறியவை மட்டும் திறந்தன. அதற்குப் பிறகு ஏறியதில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அதன்பின் புதிதாக ஸ்கேன் செய்து நேரே கார்டில் சேவ் செய்தவையும் அப்படியே. டெக்ஸ்ட் வியூவரில் பார்த்தால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வெறுமை.

இது போலிக் கார்டு. உள்ளே இருப்பது 8 ஜிபி சிப். கார்டின் கட்டுப்பாட்டுச் சில்லில் கைவைத்து, 128 ஜிபி இருக்கிறது என்று டேப்பிடம் பொய் சொல்ல வைத்திருப்பார்கள். எந்த ஃபைல் எங்கே என்கிற பட்டியல் கார்டின் தொடக்கத்திலேயே எழுதப்படும். அந்த இடம் உண்மையாக இருக்கிறது, ஆகவே பெயரும் அளவும் சரியாகத் தெரியும். எட்டு ஜிபியைத் தாண்டி எழுதுவது எங்கும் போய்ச் சேராது. சில போலிகள் இன்னும் மோசம். சுற்றி வந்து முதலில் எழுதியதன் மேலேயே எழுதும், அப்போது பழைய ஃபைல்களும் சேர்ந்து கெடும். இல்லாத சிப்பில் எழுதியதை எந்த ரெக்கவரி மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

கார்டு வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்கிற இலவச மென்பொருள், லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் கார்டு முழுவதையும் ஃபைல்களால் நிரப்பிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் படித்து எழுதியதே இருக்கிறதா என்று ஒப்பிடும். காலிக் கார்டில் மட்டும் செய்யுங்கள். எழுதும் வேகம் நொடிக்கு 10 எம்பி என்றால் 128 ஜிபி நிரம்பவே மூன்றரை மணி நேரம் ஆகும், அதன்பின் படிக்கிற நேரம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். விண்டோஸில் 128 ஜிபி கார்டு 119 ஜிபி என்றுதான் காட்டும். அது கணக்கிடும் முறையில் வரும் வித்தியாசம், மோசடி இல்லை. ஏற்கெனவே போலிக் கார்டில் வேலை செய்துகொண்டிருந்தால் இந்த நிமிடமே அதில் எழுதுவதை நிறுத்துங்கள். திறக்கிற ஃபைல்களை மட்டும் வேறிடத்துக்கு நகல் எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. ஃபைல் 0 பைட் என்று காட்டினால் சேவ் ஆகும்போது இடம் தீர்ந்திருக்கக்கூடும். குறைந்தது 2 ஜிபி காலி செய்துவிட்டு மறுபடி இறக்குங்கள். மெயிலிலோ வாட்ஸ்ஆப்பிலோ திறந்த படிவத்தில் நேரடியாக நிரப்பினால் பல சமயம் நிற்காது. அங்கே திறப்பது தற்காலிக நகல். முதலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் சேவ் செய்து, அங்கிருந்து திறந்து நிரப்புங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த பிடிஎஃப் எங்கே போனது என்று தேடுகிறவர்கள் ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் வாட்ஸ்ஆப் ஃபோல்டரில் டாக்குமென்ட்ஸைப் பாருங்கள். ஐபேடில் சஃபாரி இறக்குவது ஐகிளவுடுக்குப் போகும்படி அமைந்திருக்கும். இலவச இடம் 5 ஜிபிதான். சஃபாரி செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் என்பதை ‘ஆன் மை ஐபேட்’ என்று மாற்றிவிட்டால் நெட் இல்லாத இடத்திலும் திறக்கும்.

இ-ஆதார் திறக்கவில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு பாஸ்வேர்டுதான் சிக்கல். ஆதாரில் ஆங்கிலத்தில் உள்ள பெயரின் முதல் நான்கு எழுத்து, பெரிய எழுத்தில். அடுத்து பிறந்த ஆண்டு நான்கு இலக்கம். பெயருக்கு முன்னால் இனிஷியல் இருந்தால் அதுவும் அதன் புள்ளியும் நான்கில் சேரும், இடைவெளி சேராது. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் தடுமாறுவது அந்தப் புள்ளியில்தான். வருமான வரி ஒப்புகைக்கு பான் எண் சிறிய எழுத்தில், அதனோடு சேர்த்துப் பிறந்த தேதி, மாதம், ஆண்டு எட்டு இலக்கம்.

திறந்தால் ‘ப்ளீஸ் வெயிட்’ என்று ஒரே பக்கம் மட்டும் தெரிந்தால் அது எக்ஸ்எஃப்ஏ என்ற வகைப் படிவம். எந்த டேப்பை எத்தனை தடவை ரீசெட் செய்தாலும் திறக்காது. கம்ப்யூட்டரில் அடோபி ரீடரில் திறக்க வேண்டும். தமிழ் எழுத்துக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரிந்தால், வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணம், எழுத்துரு உள்ளே பதியாமல் வந்திருக்கிறது. எந்தக் கருவியிலும் படிக்க முடிகிற பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாறும்படி தமிழக அரசு 2010-லேயே ஆணையிட்டும் பழைய ஆவணங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அனுப்பியவரையே எழுத்துருவைச் சேர்த்து பிடிஎஃப் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு எந்த பிடிஎஃப்பும் திறக்கவில்லை, எந்தச் செயலியிலும் திறக்கவில்லை என்றால் மட்டும் கடைக்குப் போங்கள். அதற்கு முன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கோ டிரைவுக்கோ நகல் எடுங்கள். கார்டையும் சிம்மையும் கழற்றிக்கொள்ளுங்கள். ‘என் அனுமதி இல்லாமல் ரீசெட் செய்யக்கூடாது’ என்று அவர்கள் கொடுக்கும் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பத்திரம், ஆதார் நகல் எல்லாம் இருக்கிற டேப்பை இரவு முழுவதும் கடையில் விடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள், எஸ்டிமேட் சீட்டுதானே இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். யுபிஐயில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கார்டைத் தூக்கி எறியவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். சோதனை முடிவு தெரிகிற திரையைப் படம் எடுத்து, கார்டை அந்த எஸ்டிமேட் சீட்டோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள்.