அலோபியூரினாலா ஃபெபக்சோஸ்டாட்டா, கவுட்டுக்கு எத முதல்ல எடுக்கறது?

கவுட்டுன்னா யூரிக் ஆசிட் மூட்டுல படிகமா படிஞ்சு வர்ற வாத நோய். அந்த யூரிக் ஆசிட்டைக் குறைக்கணும்னு டாக்டர்கிட்ட போனா பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணுதான் எழுதுவாங்க. ரெண்டுமே உடம்புல யூரிக் ஆசிட் உண்டாக்குற ஒரே என்சைமைத்தான் அடக்குது. ஆனா "ஃபெபக்சோஸ்டாட் புதுசு, அதான் பவர்"னு நேரா அதுக்குப் போறவங்க நிறைய பேரு. என்னைக் கேட்டா முதல்ல அலோபியூரினால்தான்.

1966ல இருந்து புழக்கத்துல இருக்கற மருந்து, விலையும் கம்மி. இதுக்குக் கெட்ட பேர் வந்ததே டோஸால. 100 மில்லிகிராம்ல ஆரம்பிக்கணும், கிட்னி வீக்குன்னா அதுக்கும் கீழ, அப்புறம் பிளட் டெஸ்ட் பார்த்துப் பார்த்து யூரிக் ஆசிட் ரீடிங் 6க்கு கீழ வர்ற வரைக்கும் ஏத்திக்கிட்டே போகணும், தேவைப்பட்டா டாக்டர் 300ஐத் தாண்டியும் ஏத்துவாரு. நம்ம ஆளுங்க 100லயே வருஷக்கணக்கா நின்னுட்டு, ரிப்போர்ட்ல 8ன்னு வந்தா மாத்திரை வேஸ்ட்டுன்னுடறாங்க.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது தோல் அலர்ஜிக்கு. அபூர்வம்தான், ஆனா உயிருக்கே ஆபத்தாகலாம், பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு மாசத்துல வரும். உடம்புல தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்புன்னு ஏதாவது தெரிஞ்சா அடுத்த வேளை மாத்திரையைத் தொடாம அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க.

இது ஒத்துக்காதவங்களுக்கும், எவ்வளவு ஏத்தியும் 6க்கு கீழ வராதவங்களுக்கும்தான் ஃபெபக்சோஸ்டாட். 40, இல்ல 80, அவ்ளோதான், கிட்னி ஓரளவு டல்லா இருந்தாலும் பெருசா டோஸ் மாத்த வேண்டியதில்ல, அது நிஜமாவே வசதி. ஆனா இதய நோய் இருக்கறவங்க யோசிக்கணும். அவங்களை வெச்சு நடந்த கேர்ஸ் ஆய்வு 2018ல வந்துச்சு, அதுல இதயக் கோளாறால இறந்தவங்க ஃபெபக்சோஸ்டாட்ல 4.3%, அலோபியூரினால்ல 3.2%. அடுத்த வருஷமே அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கடும் எச்சரிக்கை போட்டுச்சு. 2020ல வந்த ஃபாஸ்ட் ஆய்வுல அப்படி வித்தியாசம் தெரியலங்கறதும் நிஜம், இருந்தாலும் ஸ்டென்ட் வெச்சவங்க கார்டியாலஜிஸ்ட்டைக் கேக்காம ஆரம்பிக்காதீங்க.

எதை ஆரம்பிச்சாலும் முதல் சில மாசம் வலி கூடத்தான் வரும், மூட்டுல படிஞ்ச படிகம் கரையறப்போ அப்படித்தான். எங்க மாமாவுக்குக் கட்டைவிரல் மேல போர்வை பட்டாலே அலறுவாரு, மாத்திரைதான் காரணம்னு நிறுத்தப் போனவரை டாக்டர்தான் தடுத்து, கூடவே வலி கிளம்பாம தடுக்கற கோல்ச்சிசின் மாத்திரை குடுத்து மூணு மாசத்துக்கு மேல ஓட்டினாரு.

கிட்னி மாற்று பண்ணினவங்க, வேற எதுக்காவது அசாதயோப்ரின்ங்கற நோய் எதிர்ப்பை அடக்குற மாத்திரை சாப்பிடறவங்க அதை முதல்லயே சொல்லிடுங்க, இந்த ரெண்டு மாத்திரையுமே அதோட சேர்ந்தா ரத்த அணுக்களை ஒரேயடியா இறக்கிடும்.