வெயிலில் நிற்கும் காரில் பேட்டரி: டிக்கியா, தெர்மாகோல் பெட்டியா, கைப்பையா?

அக்னி நட்சத்திர நாளில் பிச்சாவரம் படகு குழாமுக்கோ கடலூர் சில்வர் பீச்சுக்கோ போகிறவர்கள் கேமரா, ட்ரோன், லேப்டாப், பவர் பேங்க் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இறங்க முடியாது. பாதி காரிலேயே கிடக்கும். எங்கே கிடக்கிறது என்பதுதான் விஷயம்.

ஐபோனை வைத்திருக்க ஆப்பிள் சொல்லும் மேல் எல்லை 45 டிகிரி செல்சியஸ். 2018இல் வெளியான அரிசோனா ஆய்வு ஒன்றில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் உட்புறம் சராசரியாக 47 டிகிரியைத் தொட்டது, டேஷ்போர்டு 69. நிழலில் நின்றவற்றில் அதுவே 38, 48. ஆக, டேஷ்போர்டு எந்த நிலையிலும் வேண்டாம். நிழலுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் காலை பதினொரு மணிக்குப் பார்த்து நிறுத்திய வேப்பமர நிழல் இரண்டு மணிக்கு அடுத்த காரின் மேல் இருக்கும்.

கண்ணாடிக்குள் விரிக்கும் வெள்ளித் திரை நேர் வெயிலைத் தடுக்கும், டேஷ்போர்டைக் காப்பாற்றும். உள்ளே காற்று சூடாவதை அது நிறுத்தாது. ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வைப்பது அதைவிட மோசம். பெரிய பலன் இல்லை என்று 2005இலேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். நமக்குக் கூடுதலாகக் கிடைப்பது உப்புக் காற்றும் திருட்டு பயமும்தான்.

சீட்டுக்கு அடியிலா, டிக்கியிலா? தனி டிக்கி உள்ள செடான் என்றால் டிக்கிதான்: கண்ணாடி வழியாக வெயில் விழாது, வெளியே தெரியவும் தெரியாது. ஹேட்ச்பேக்கில் பின்கண்ணாடி இருப்பதால் வித்தியாசம் குறைவு. முன்சீட்டின் அடியில் துண்டு போட்டு மூடி வைத்தாலே போதும்.

தெர்மாகோல் பெட்டி இரண்டையும் மிஞ்சும், ஆனால் அது சூட்டைத் தாமதிக்குமே தவிரத் தடுக்காது. ஏசியில் வந்த பொருளை உடனே உள்ளே வைத்து மூடினால் பலன் உண்டு. ஐஸ் போடுவதைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். நம் கடலோர ஈரக்காற்றில் எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்த நொடியில் வேர்த்துவிடும், தண்ணீர் பேட்டரி முனையிலும் லென்ஸிலும் உட்காரும். சாதாரணத் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில்கள் இரண்டைப் பக்கத்தில் வைத்தாலே போதும். ஒரு டிகிரி ஏறுவதற்குள் அவை எட்டு கிலோஜூலுக்கு மேல் சூட்டை வாங்கிக்கொள்ளும், வேர்வையும் கிடையாது.

இத்தனைக்கும் மேலாக நான் தேர்ந்தெடுப்பது கைப்பையைத்தான். வெயிலில் முதலில் பாழாவது பேட்டரி. அதை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, வெறும் கேமராவை டிக்கியில் விட்டுவிடலாம். கழற்ற முடியாத லேப்டாப்பை அணைத்து, பாதி சார்ஜில் விடுங்கள். 40 டிகிரியில் ஓராண்டு வைத்தால், முழு சார்ஜில் இருந்த லித்தியம் பேட்டரியில் சுமார் 65 சதவீதக் கொள்ளளவுதான் மிஞ்சும். 40 சதவீத சார்ஜில் இருந்ததில் 85. திரும்பி வந்ததும் கை சுடுகிற எதையும் சார்ஜரில் செருகக் கூடாது, ஆறட்டும்.

எப்போதும் காரிலேயே கிடப்பது டேஷ்கேம், அதாவது சாலையைப் பதிவுசெய்ய முன்கண்ணாடியில் மாட்டும் கேமரா. அதற்கு நல்ல வழி, வாங்கும்போதே லித்தியம் பேட்டரிக்குப் பதில், சூட்டை அதைவிட நன்றாகத் தாங்கும் சூப்பர் கெபாசிட்டர் என்ற மின்சேமிப்பு உறுப்பு உள்ள மாடலாகக் கேட்டு வாங்குவது.