செம்பாட்டு மண்ணில் சருகுப் பசளை: சில வருடப் பழக்கத்தில் கண்டது

யாழ்ப்பாணத்தில் சருகுப் பசளை செய்யச் சருகுக்குத் தட்டுப்பாடில்லை, ஈரத்துக்குத்தான் தட்டுப்பாடு. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்த நேரம் கைவைத்த வேலை இது. அந்த வருடம் முடியுமுன்னே தடை நீங்கிவிட்டது, நான் விடவில்லை. எங்கள் வளவு வலிகாமத்துச் செம்பாட்டு மண். கோடையில் சுட்ட ஓடு மாதிரி இறுகும். அடியில் சுண்ணாம்புக்கல் என்பதால் இறைக்கிற தண்ணீரும் போடுகிற உரமும் நின்று பிடிக்காது.

குளிர் நாடுகளில் இலையுதிர்காலத்து இலையைக் குவித்துவிட்டு ஓரிரு வருடம் மறந்துவிடலாம், ஈரமும் பூஞ்சணமும் பார்த்துக்கொள்ளும். இங்கே வேம்பு கொட்டுவது மாசி, பங்குனியில். பெரிய மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். இடையில் சோளகம் என்ற தென்மேல் காற்று தொடங்கினால், நிலத்துக்கு மேலே குவித்த சருகில் பாதி காய்ந்து கிடக்கும், மீதி அடுத்த வளவுக்குப் பறக்கும்.

அதனால் கோடையில் கிடங்கு, மாரியில் குவியல். முழங்கால் ஆழம் போதும், அதற்குக் கீழே எங்கள் பக்கம் அலவாங்கில் கல் தட்டும். ஒரு கடகம் சருகு, மேலே ஆட்டெரு, பிறகு வேலியில் வெட்டிய கிளிசரியாக் குழை, திரும்பவும் சருகு. காய்ந்த இலையில் கரிமம் கூட, தழைச்சத்து குறைவு. நுண்ணுயிர்களுக்கு அவை ஏறத்தாழ 30க்கு 1 என்ற அளவில் வேண்டும், குழையும் எருவும் அதற்காகத்தான். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிய வேண்டும். ஒழுகினால் இன்னும் சருகு போடுங்கள். பழைய கிடுகால் மூடிவிட்டு, சில நாள் கழித்து அலவாங்கை உள்ளே செருகி எடுத்துத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சரி. சுடாவிட்டால் தண்ணீரோ எருவோ போதவில்லை.

வேப்பஞ்சருகு சீக்கிரம் உக்கும். மாஞ்சருகும் பலாச்சருகும் பிடிவாதம், நொறுக்கித்தான் போட வேண்டும். மாரியில் கிடங்கில் வெள்ளம் நின்றால் நாற்றம் தாங்காது, ஐப்பசிக்கு முன்னே அள்ளிவிடுவேன்.

கிளறும்போது பெருவிரல் தடிப்பில் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்களை விட்டுவைக்காதீர்கள். காண்டாமிருக வண்டின் புழுக்களாக இருந்தால், வண்டாகிப் போய்த் தென்னங்குருத்தைக் குடையும். எங்கள் கோழிகளுக்கு அன்று விருந்து.

பலன்? உரம் என்று பார்த்தால் சுமார்தான். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இது மட்டும் காணாது, ஆட்டெரு கட்டாயம். பாதி உக்கினதைப் போட்டால் செடி மஞ்சளடிக்கும், மண்ணிலுள்ள தழைச்சத்தை அந்தச் சருகே இழுத்துக்கொள்ளும். ஆனால் மண் என்று பார்த்தால் வித்தியாசம் பெரிது. மண்வெட்டி இலகுவாக இறங்குகிறது. தினமும் இறைத்த கத்தரிப் பாத்திக்கு இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் இறைத்தால் போதும். புகையிலைத் தோட்டத்தில் பனையோலை தாழ்த்த எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் புதுசும் இல்லை.

சின்ன வளவுக்கு இரண்டு கிடங்கு வசதி. ஒன்று உக்கும்போது மற்றதை நிரப்பலாம். பக்கத்து வீட்டு அண்ணை இப்போது தன் மாஞ்சருகையும் வேலிக்கு மேலால் எங்கள் பக்கம் கொட்டுகிறார், நெருப்பு வைக்கிற வேலை மிச்சமாம். நொறுக்குகிற வேலை எனக்கு.