மாசியில் ஒரு நாள் வடசென்னை: வழிகாட்டியோடு சென்ற நடைப் பயணம் பற்றிய மதிப்புரை

தை தொடங்கி வைகாசி வரை வார இறுதிகளில் நடத்தப்படும் வடசென்னை ஒருநாள் நடைப் பயணம் ஒன்றில், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நானும் என் அக்காவும் கலந்துகொண்டோம். சிறிய குழு ஒன்று நடத்தும் இந்தப் பயணம், விடியற்காலை ஐந்து மணிக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுக வாயிலில் தொடங்கி, ராயபுரம், ஜார்ஜ் டவுன் வழியாகச் சென்று, இரவு எட்டு மணியளவில் திருவொற்றியூர்த் தியாகராஜ சுவாமி கோயிலில் முடிகிறது. காலைச் சிற்றுண்டியும் மெட்ரோ கட்டணமும் சேர்த்துத் தலைக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் வாங்குகிறார்கள். மதிய உணவு அவரவர் செலவு. காசிமேடும் திருவொற்றியூரும் கொடுத்த பணத்துக்கு மேலாகவே தந்தன. இடையில் வந்த நடுப்பகல் அப்படித் தரவில்லை. இதே பயணத்துக்கு மாசியில் இருக்கும் மதிப்பு சித்திரையில் இருக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டணம் மட்டும் எல்லா மாதங்களிலும் ஒன்றுதான்.

குளிர் விலகி வெயில் ஏறாத இந்த ஐந்தாறு வாரங்களைச் சென்னைவாசிகள் பெரும்பாலும் வீணடித்துவிடுகிறோம். பழைய இலக்கணக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரை பிறந்த பிறகுதான் இளவேனில். ஆனால், சென்னையில் சித்திரை வருவதற்குள் நடக்கவே முடியாத வெயில் வந்துவிடும் என்பதால், வெளியே சுற்றுவதற்கு ஏற்ற பருவம் என்று நமக்கு வாய்ப்பது இந்தப் பின்பனியின் கடைசிப் பகுதியே. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழி கடலோர நகரத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாவிட்டாலும், காலை ஐந்து மணிக்குக் காசிமேட்டில் நின்றபோது அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார் என்பதைப் பதிவு செய்கிறேன்.

காசிமேட்டில் இந்தக் குழுவின் ஏற்பாடு மிகச் சிறப்பாக இருந்தது. ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்த பெண் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். விசைப்படகுகள் கரை சேர்வதையும், ஏலக்காரர் விலையைக் கூவத் தொடங்குவதையும், கூடை கூடையாக வாங்கிய வியாபாரிகள் அதைக் கூறு பிரித்துச் சில்லறை விற்பனைக்கு வைப்பதையும் அவர் எட்ட நின்று விளக்காமல், நடுவில் அழைத்துச் சென்று காட்டினார். ஏல இடத்தில் எங்கே நிற்கக் கூடாது, ஐஸ் பெட்டி சுமந்து வருபவருக்கு எந்தப் பக்கம் வழிவிட வேண்டும், யாரையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்பதையெல்லாம் வாயிலிலேயே சொல்லி, எல்லோரும் தலையசைத்த பின்னரே உள்ளே விட்டார். இந்த ஒழுங்கு மிகவும் தேவைப்பட்டது; பிழைப்பு நடக்கும் இடத்தைப் பொருட்காட்சியாக நினைத்துக் கைப்பேசியோடு அலைபவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே குறைவில்லை. எங்கள் குழுவிலிருந்த ஓர் இளைஞரைப் பார்த்து, சங்கரா மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "இன்னாப்பா, வாங்கப் போறியா, இல்ல வேடிக்கை பாத்துட்டுப் போப் போறியா?" என்று கேட்டார். அந்த இளைஞர் ஒரு கூறு வாங்கியதும் பேச்சு இளகியது. அன்றைய வரத்து, வஞ்சிரத்தின் விலை, எந்த மீனைக் குழம்புக்கும் எதை வறுவலுக்கும் எடுக்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னவை, வழிகாட்டியின் விளக்கத்தைவிடவும் பயனுள்ளவை.

பருவத்தின் கணக்கு இங்கேதான் வருகிறது. மீன்களின் இனப்பெருக்கக் காலத்தை முன்னிட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அந்த நாட்களில் துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பழுது பார்ப்பதும் வண்ணம் அடிப்பதும் வலை பின்னுவதும் நடக்கும். தடைக்கு உட்படாத சிறு படகுகள் கொண்டுவரும் மீன் மட்டுமே வரும் என்பதால் விலையும் ஏறிவிடும். வலை பின்னுவதைப் பார்ப்பதும் ஓர் அனுபவம்தான் என்று வாதிடலாம். ஆனால், விடியற்காலை ஏலத்தைக் காட்டுவதாக விளம்பரம் செய்துவிட்டு, கட்டிக் கிடக்கும் படகுகளைக் காட்டுவது முறையாகாது. மாசி, பங்குனியில் கடல் பெரும்பாலும் அமைதியாகவும் இருப்பதால், வரத்தைப் பார்ப்பதற்கும் வாங்குவதற்கும் இதுவே தோதான நேரம்.

ஒரு குறை. மீன் வாங்கியவர்கள் அதை நாள் முழுவதும் எப்படிச் சுமப்பது என்பதற்கு இந்தக் குழுவிடம் எந்த ஏற்பாடும் இல்லை. காசிமேட்டிலேயே அரிவாள்மனையோடு அமர்ந்து தனிக்கூலிக்கு மீன் வெட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். வெட்டிய மீனை ஐஸ் பெட்டியில் வைத்து மாலையில் கொடுக்க ஓர் ஆட்டோவை அமர்த்துவது பெரிய செலவாகாது. எங்கள் குழுவில் பாதிப்பேர் ஆசைப்பட்டும் வாங்காமல் வந்தார்கள். மீன் கழுவிய நீர் எங்கும் தேங்கியிருக்கும் என்பதால், பழைய ரப்பர் செருப்போடு வரச் சொல்லிப் பதிவின்போதே அறிவித்திருக்கலாம்.

ராயபுரத்தில் அதிக நேரம் இல்லை. இட்லி, வடகறி முடிந்ததும் ரயில் நிலையத்தைக் காட்டினார்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஆற்காட்டை நோக்கிப் புறப்பட்ட இடம் இது. அந்தக் காலத்துத் தூண்களோடு கட்டடம் இன்றும் நிற்கிறது, புறநகர் ரயில்கள் அதைக் கடந்து போய்க்கொண்டிருக்கின்றன. அங்கிருந்து அறிஞர் அண்ணா பூங்கா. ராபின்சன் பூங்கா என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1949 செப்டம்பரில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்தது இங்கேதான். தமிழ்நாட்டு அரசியலின் போக்கை மாற்றிய ஓர் இடத்தில் வழிகாட்டி ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது; பூங்காவில் நிழலும் உட்கார இடமும் வேறு இருந்தன.

ஜார்ஜ் டவுன் பகுதிதான் இந்தப் பயணத்தின் பலவீனம். அதற்குக் காரணம் இடங்களைத் தேர்ந்தெடுத்த விதம் அல்ல, நேரம். ஆர்மேனியன் தெருவிலுள்ள ஆர்மேனியத் தேவாலயம் அருமையான தேர்வு. 1772-இல் கட்டப்பட்ட இன்றைய கட்டடமும், தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகளும், முற்றத்தில் பதித்த கல்லறைக் கற்களும், பாரிமுனையின் இரைச்சலுக்கு நடுவே இருப்பதை நம்ப முடியாத அமைதியும் எவரையும் ஈர்க்கும். உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794-இல் வெளிவந்தது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய ஹருத்யூன் ஷ்மாவோனியன் இந்த வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். வணிகத்துக்காக வந்த ஒரு சிறு சமூகம் தன் மொழியின் முதல் இதழை நம் ஊரில் அச்சிட்ட கதையை வழிகாட்டி நன்றாகவே சொன்னார். ஆனால், ஞாயிறு காலையில் அந்த மணிகளை ஒலிப்பது வழக்கம் என்றும் அவரே சொன்னார். நாங்கள் போனதோ பதினொன்றரை மணிக்கு.

கந்தகோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. ஏழுகிணறு பகுதியில் வளர்ந்த இராமலிங்க அடிகள் இளமையில் நாள்தோறும் வந்து வழிபட்ட கோயில் என்ற விளக்கத்தைப் பூட்டிய கதவுக்கு முன் நின்று கேட்டோம். நண்பகலில் கோயில்கள் சாத்தப்படும் என்பது வழிகாட்டிகளுக்குத் தெரியாத செய்தியா என்ன? சௌகார்பேட்டையில் பல மொத்த விற்பனைக் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை என்பதால், மின்ட் தெருவும் பாதி உயிரோடுதான் இருந்தது. காசிமேட்டுக்கு ஞாயிறு பொருந்தும், சௌகார்பேட்டைக்குப் பொருந்தாது; சனிக்கிழமையே இரண்டுக்கும் தோதான நாள். குழுவினர் இரு நாட்களிலும் நடத்துகிறார்கள் என்பதால், சனிக்கிழமையைத் தேர்ந்தெடுக்குமாறு பரிந்துரைக்கிறேன். இன்னொரு யோசனையும் உண்டு. சில ஆண்டுகளில் மாசி மகமும் ஹோலியும் ஓரிரு நாள் இடைவெளியில் வருகின்றன. 2025-இல் மார்ச் 12 மாசி மகம், மார்ச் 14 ஹோலி. அத்தகைய ஆண்டுகளில், ராஜஸ்தானிய, குஜராத்திக் குடும்பங்கள் சௌகார்பேட்டைச் சந்துகளில் வண்ணப் பொடியோடு நிற்பதையும், சில கிலோமீட்டர் வடக்கே சுவாமி கடலாடுவதையும் ஒரே வாரத்தில் பார்க்கலாம். இதை வைத்து ஒரு பயணம் அமைக்க இவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று வியந்தேன்.

மதிய உணவை அவரவர் விருப்பத்துக்கு விட்டது நல்லதே. நாங்கள் கடற்கரை ரயில் நிலையப் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டோம். 1960-களில் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பிறகு, திரும்பி வந்த தமிழர்கள் இந்தப் பகுதிக்குக் கொண்டுவந்த உணவு இது. வேகவைத்த நூடுல்ஸோடு முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், மிளகாய்ப் பொடி, புளித்தண்ணீர், பூண்டு மணக்கும் எண்ணெய், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறுப்பான பொரித்த தட்டை ஆகியவற்றைக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அக்காவுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது என்பதால் சூப்பையே இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். இதை வரலாற்றோடு சேர்த்துச் சொல்ல வழிகாட்டி உடன் இல்லாதது ஓர் இழப்பு.

விளக்கம் சொல்லும் மொழி பற்றியும் ஒரு வார்த்தை. குழுவில் முக்கால்வாசிப் பேர் தமிழர்களாக இருந்தும், ஓரிருவரை முன்னிட்டு விளக்கம் பாதிக்கு மேல் ஆங்கிலத்திலேயே நடந்தது. அந்த வழிகாட்டியின் பேச்சு ராயபுரத் தமிழுக்குத் திரும்பிய இடங்களில் எல்லாம் சிரிப்பும் கேள்வியும் தானாக வந்தன. மற்றபடி, திரைப்படங்கள் பழக்கிவிட்ட அடிதடி வடசென்னையைக் காட்டிச் சுவை கூட்ட அவர் ஓரிடத்திலும் முயலவில்லை.

மாலையில் மண்ணடியிலிருந்து மெட்ரோவில் திருவொற்றியூர். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான சுமார் 9 கிலோமீட்டர் நீட்டிப்பு 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் ரயில் சுரங்கத்திலிருந்து மேலேறி உயர்பாதையில் செல்கிறது. நெரிசல் மிகுந்த திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பேருந்தில் பிதுங்கிப் போன காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சொகுசின் அருமை தெரியும். திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயில் நடக்கும் தூரம்தான்.

காலையில் ஏற்பட்ட நல்லெண்ணம் இங்கே மீண்டும் உயிர்பெற்றது. பிரம்மோற்சவக் கொடி ஏறியிருந்த நாள் என்பதால், சன்னிதித் தெரு முழுவதும் பூக்கடையும் வளையல் கடையும் மோர்ப் பந்தலுமாக இருந்தது. கருவறை விமானம் யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாட அமைப்பு. முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எடுக்கப்பட்டது. அதைக் கட்டிய தச்சன் இரவி என்கிற வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டே பெயர் சொல்கிறது. மூலவரான ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டுமே கவசம் திறந்து புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துகிறார்கள். செக்காட்டி விளக்கெரித்த கலிய நாயனார் இந்த ஊரில் பிறந்தவர். எண்ணெய்க்கு வழியற்றுப்போன நாளில் தம் குருதியையே விளக்கில் வார்க்கத் துணிந்தவர். உழைப்பாளிகளின் ஊரில் இந்தக் கதையைச் சொல்வதற்கு வழிகாட்டி தேர்ந்தெடுத்த இடமும் குரலும் மிகப் பொருத்தமாக இருந்தன.

மகிழ மரத்தடிக் கதையை மட்டும் அவர் அவசரமாக முடித்துவிட்டார். தாம் மணக்கவிருக்கும் சங்கிலியாரைப் பிரியேன் என்று தேவாரம் பாடிய சுந்தரர் சூளுரைக்க வேண்டும். கருவறையில் சத்தியம் செய்துவிட்டுப் பிறகு தப்பித்துக்கொள்ளும் எண்ணத்தில், அந்த நேரம் மகிழ மரத்தடிக்குப் போய்விடுமாறு இறைவனிடமே கேட்டுக்கொள்கிறார் சுந்தரர். இறைவனோ அதைச் சங்கிலியாரின் கனவில் சொல்லிவிட, மரத்தடியிலேயே சத்தியம் வாங்கப்படுகிறது. பின்னர் சூளுறவை மீறி ஊர் எல்லையைக் கடந்ததும் சுந்தரர் கண்பார்வையை இழக்கிறார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக நிகழ்த்திக் காட்டப்படும் இந்தக் கதையை, அந்த மரத்தருகே நிதானமாகச் சொல்ல அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம். பூட்டிய கந்தகோட்டத்தின் முன் செலவான நேரமே அதற்குப் போதும். கடலோரத்தில் இருக்கும் பட்டினத்தார் சமாதிக்கும் இருட்டிவிட்டது என்று சொல்லி அழைத்துச் செல்லவில்லை.

பதிவு செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இடையில் ஓய்வுக்கு இடம் இல்லை, பெண்களுக்குக் கழிப்பறை வசதி ராயபுரத்தை விட்டால் மெட்ரோ நிலையத்தில்தான்; எனவே, முதியவர்களை அழைத்து வருவோர் காசிமேட்டையும் திருவொற்றியூரையும் மட்டும் தனித்தனி நாட்களில் தாங்களாகவே பார்ப்பது நல்லது. சிறுவர்களுக்குக் காலைப் பகுதி பிடிக்கும், ஜார்ஜ் டவுன் சலிக்கும். மகிழடி சேவை நாளைக் கோயிலில் விசாரித்து, அதற்கு முந்திய சனிக்கிழமைக்குப் பதிவு செய்துகொண்டு, சேவையன்று மாலை மட்டும் தனியே மீண்டும் போனால் நிறைவாக இருக்கும். ஏப்ரல் 15-க்குப் பிந்தைய தேதி என்றால், காசிமேட்டில் என்ன காட்டுவார்கள், கட்டணத்தில் எவ்வளவு குறைப்பார்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகே பணம் செலுத்தவும்.